டைப்பு அக்காவின் ஆறாவது நகல்

ஆறு தாள், ஐந்து கார்பன். மேசை விளிம்பில் நாலு பக்கமும் தட்டித் தட்டி ஒரே கட்டாக்கி, உருளைக்குள் செருகித் திருகிவிட்டு, எதிரில் நிற்பவரைப் பார்த்து அசீசுன்னிசா "படிங்க" என்கிறார். அவர் கையிலிருக்கும் காகிதத்தை நீட்டுகிறார். "எல்லாம் இதுலயே எழுதிக்கினு வந்துட்டேங்க. பாத்து அடிச்சிடுங்க." அசீசுன்னிசா அதை வாங்குவதில்லை. பத்து விரலும் விசைகளின் மேல் தயாராக நிற்கின்றன. கண் எதிர்ச் சுவரில் இருக்கிறது. "நீங்க படிங்க. நான் காதாலதான் அடிப்பேன்."

செஞ்சி தாலுகா ஆபீசைச் சுற்றி டைப் அடிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மற்றவர்களிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இவரிடம் மட்டும் நின்று, சொந்த வாயால் படித்து, தன் எழுத்தைத் தானே புரியாமல் திணறி, வியர்த்து விறுவிறுத்துப் போக வேண்டும். ஆனாலும் போனவர்கள் திரும்ப வருகிறார்கள். காரணம் ஒன்றுதான். இவர் அடித்த தாளில் பிழை என்று எந்த ஆபீசிலும் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. "கண்ணு அவசரக் குடுக்க. பாதி வார்த்தையப் பாத்துட்டு மீதிய அதுவே போட்டுக்கும். காது அப்படி இல்ல, வந்தாத்தான் வாங்கும்" என்பது அவர் கட்சி.

சைக்கிள் கடைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் கடை. தமிழ் மிஷின் ஒன்று, இங்கிலீஷ் மிஷின் ஒன்று. இங்கிலீஷ் மிஷின் திண்டிவனத்தில் ஒரு வக்கீல் வீட்டு ஏலத்தில் வந்தது. வயது அசீசுன்னிசாவைவிடப் பத்தாவது கூட இருக்கும். அவருக்கு நாற்பத்து நாலு. மூலையில் ஒரு மண் தொட்டி, அதில் ஈர மணல், அதன் மேல் ஒரு தகர டப்பா. தண்ணீர்ப் பானை வைக்கிற இடம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். டப்பாவுக்குள் இருப்பது கார்பன் தாள். சித்திரை பிறந்துவிட்டால் செஞ்சியில் மலை மூன்றும் அடுப்புக் கல்லாகிவிடும். கார்பன் இளகித் தாளெல்லாம் ஈஷிக்கொள்ளும். மார்க்கெட் ஓரம் ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிற அவர் கணவர் நூர் முகமது இதைப் பார்த்து, "புருசனுக்கு ஒரு விசிறி கெடையாது, கார்பனுக்கு ஏசி" என்பார். அசீசுன்னிசா கேட்டுக்கொண்டே மணலில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்.

காதால் வாங்குவதோடு அவர் கறார் நின்றுவிடவில்லை. சொன்னதைச் சொன்னபடி அடிப்பார். கூட்டவோ பெருக்கவோ மாட்டார். சிங்கவரத்துப் பெரியதம்பி ஒரு கையெழுத்துக்காக ஓர் ஆபீசுக்கு நடந்து நடந்து தேய்ந்தவர். எந்த ஆபீசு என்று கேட்க வேண்டாம், எதற்கும் பொருந்தும். மனு அடிக்க வந்தவர், "நாலு தபா போனேங்க. தபாவுக்கு அஞ்சு நாளு இழுத்தடிச்சாங்க" என்றார். பின்னால் காத்திருந்த படித்தவர் ஒருவர், "சுருக்கமா இருபது நாள்னு போடுங்கம்மா" என்று யோசனை சொன்னார். அசீசுன்னிசா விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"இருபதுன்னு போட்டா ஆபீசரு ஒரு சொடுக்குல படிச்சிட்டுப் போயிடுவாரு. நாலு தபா, தபாவுக்கு அஞ்சு நாளுன்னா அவரும் நாலு தபா நடந்துதான் வரணும். பெருக்கறது ஆபீசரு வேல. இவரு சொன்னத அடிக்கறது என் வேல."

அந்த ஆபீசர் நாலு தடவை நடந்தாரா தெரியாது. கையெழுத்து வந்துவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. வந்தவருக்கு எத்தனை பிரதி தேவையோ அதற்கு மேல் ஒன்று சேர்த்து அடித்து, கடைசி நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். "மேல போன தாளு திரும்பி வராது. நம்மகிட்ட ஒன்னு கெடக்கட்டும்." பெரும்பாலும் அது ஆறாவது நகல். அஞ்சு கார்பனைத் தாண்டி வந்து சேர்ந்த எழுத்து, புகையால் எழுதியது போல இருக்கும். வருஷவாரியாகக் கட்டி இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறார்.

போன மார்கழியில் மேல்சித்தாமூர் சந்திரநாதன் மகள் நீலாஞ்சனா வந்தாள். சந்திரநாதன் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிறவர். மகள் சென்னையில் புள்ளியியல் ஆராய்ச்சி. அப்பாவின் நிலத்திலும் அக்கம்பக்கத்து நிலங்களிலும் நாலு வருஷமாக வரப்பில் உட்கார்ந்து மணிலாச் செடிகளை எண்ணியிருக்கிறாள். எத்தனை நட்டார்கள், வேரழுகலில் எத்தனை செத்தது, மிச்சம் நின்றது எவ்வளவு காய்த்தது. அதையெல்லாம் சென்னையில் ஒரு கம்ப்யூட்டரில், எஸ் என்ற ஒற்றை எழுத்துப் பெயருள்ள மொழியில் கணக்குப் போட்டாள். ஆய்வேட்டின் கடைசியில் அந்தக் கணக்கு முறைகளைப் பத்தொன்பது பக்கத்துக்குச் சேர்க்க வேண்டும். ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம் கூடாது, முறையாக டைப் அடித்த தாள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கம்போல "படி கண்ணு" என்றார் அசீசுன்னிசா. அவள் படிக்கத் தொடங்கியதும், இருபது வருஷத்தில் முதல் முறையாகக் கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா இது? மந்திரமா?"

"கணக்குக்கா. இல்ல, கணக்கோட எழுத்து. சாதாரணமா மிசினுக்கிட்ட ஒரு கணக்கக் குடுத்தா விடையத்தான் சொல்லும். விடை வேணாம், நீ எதப் போடப் போறியோ அத அப்படியே எழுத்தாக்கிக் குடுன்னு கேக்கறதுக்கும் அந்த மொழியில ஒரு கட்டள இருக்குது. அப்படிக் கேட்டு வாங்கினதுதான் இது."

அசீசுன்னிசாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாலு தபா அஞ்சு நாளுன்னா, இருபதுன்னு சொல்லாது. நாலு தபா அஞ்சு நாளுன்னே குடுக்கும்?"

"அதேதாங்கா."

"என்ன மாதிரி ஒருத்தி உள்ள குந்தினு இருக்கறா."

அந்த உள்ளே இருப்பவளின் வேலையை அவர் கூர்ந்து பார்த்தார். நீளமான வரி வந்தால் அறுபது எழுத்து சுமாருக்கு அது தானே முறித்து அடுத்த வரிக்குப் போய்விடும் என்றதும், "அதுக்கும் நம்ம மிசினாட்டம் வரி முடியற ஓரத்துல மணி அடிக்குது போல" என்று மெச்சினார். ஒரு விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. எந்த வரி எதற்கு என்று நீலாஞ்சனா பக்கத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை, கணக்குக்குத் தேவையில்லை என்று அது எழுத்தாக்கும்போது விட்டுவிட்டது. "அது தப்பு. சொன்னது சொன்னாப்ல வரணும். தேவையா இல்லையான்னு பாக்கறதுக்கு அது யாரு?" என்றார். சொல்லிவிட்டு உருளையைத் திருகினார்.

ஆறு நாள் ஆயிற்று. அடைப்புக்குறிகள்தான் பாடாய்ப் படுத்தின. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. அவளும் "பிராக்கெட் ஓப்பன், பிராக்கெட் குளோஸ்" என்று படித்து வாய் குழறிப் போனாள். இரண்டாம் நாள் அசீசுன்னிசா தன் வசதிக்குப் பெயர் வைத்துக்கொண்டார். திறப்பது நோன்புப் பிறை. மூடுவது பெருநாள் பிறை. நோன்பு பிடித்தால் பெருநாள் வந்தே தீர வேண்டும். "மூணு நோன்பு புடிச்சிட்ட, ரெண்டு பெருநாள்தான் வந்துது. இன்னொன்னு எங்க?" என்று அவர் கேட்க, சமண வீட்டுப் பெண் விரல் விட்டு எண்ணி, "ஆமாங்கா, ஒரு பெருநாள விட்டுட்டேன்" என்பாள். மிஷினில் இல்லாத அம்புக்குறியையும் நெளிந்த அடைப்பையும் இடம் விட்டு அடித்து, பிறகு மெல்லிய நிப்பால் மையில் போட்டார். ஐந்து பிரதிகளையும் வாங்கிக்கொண்டு போகும்போது நீலாஞ்சனா அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண் பிள்ளை ஒன்று இல்லாத குறை அன்றைக்குத்தான் தனக்கு உறைத்தது என்று நூர் முகமதுவிடம் சொன்னாராம்.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டர் காகிதம் இனி எதற்கு என்று பழைய பேப்பரில் போட்டாயிற்று. பங்குனியில் சென்னையில் கம்ப்யூட்டரின் பழைய காந்த நாடாக்களைத் துடைத்துப் புதுசாக்கினார்கள்; அதில் அவள் கணக்கும் போய்விட்டது. அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதுதான் அச்சடித்தாற்போல டைப் அடித்து வைத்திருக்கிறதே.

சித்திரை. ரம்ஜான் மாதம், பன்னிரண்டாம் நோன்பு. பகல் இரண்டு மணிக்கு நீலாஞ்சனா கடைக்குள் வந்தாள். கையில் ஆய்வேட்டின் முதல் பிரதி, தோளில் பை. உட்காரவில்லை.

"அக்கா, உங்க இங்கிலீஷ் மிசின்ல ஒன்னு எங்க இருக்குது?"

"ஒன்னா? நம்பரு ஒன்னா?" அசீசுன்னிசாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அதுக்குத் தனி விசை ஏது கண்ணு? ரெண்டுலேர்ந்துதான் இருக்குது. ஒன்னுக்கு சின்ன எல்லு அடிக்கறதுதான். பழைய மிசின்ல எல்லாரும் அப்படித்தான்."

சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ கவிழ்ந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

அவள் உட்கார்ந்து சொன்னாள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வில் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறார். ஏட்டில் உள்ள எண்களை அவர் கண்ணெதிரே மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். டைப் அடித்த பக்கங்களைப் பார்த்து அவளே மறுபடி மிஷினுக்குள் ஏற்றினாள். எழுத்தாய் இருந்தது திரும்பக் கணக்கானபோது விடை எல்லாம் கோணலாக வந்தது. அவள் கணக்கில் n என்றால் நட்ட செடி. சின்ன எல், அதாவது l, என்றால் செத்த செடி. சில இடத்தில் நட்ட செடியிலிருந்து செத்த செடிகளைக் கழிக்க வேண்டும். சில இடத்தில் புள்ளியியல் வழக்கப்படி வெறும் ஒன்றைக் கழிக்க வேண்டும். தாளில் இரண்டும் ஒரே மாதிரி கிடந்தன. பார்த்தவுடன் தெரிகிற இடங்களைத் திருத்திவிட்டாள். எப்படி வைத்தாலும் பொருந்துகிற இடங்கள் நாற்பத்தொன்று மிஞ்சின.

"நாலு வருசத்துல இருபது தபா மாத்தி மாத்தி எழுதினதுக்கா. எந்த வரியில எதுன்னு எனக்கே இப்ப தெரியல. குறிப்பு இருந்திருந்தா தெரியும். அதத்தான் மிசினு விட்டுடுச்சே. ஒவ்வொன்னா மாத்திப் பாக்கறதுன்னா ஆயுசு பத்தாது. நாளன்னிக்கி விடை வரலன்னா, ஏட்டுல இருக்கற நம்பரெல்லாம் நானே இட்டுக்கட்டினதுன்னு ஆயிடும்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வது எளிது. சறுக்கின ஆனையின் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். அசீசுன்னிசா மிஷினின் அந்த ஒரு விசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது என்று மார்தட்டிக்கொண்டது எதற்கு? இந்தப் பெண் "ஒன்னு" என்று படித்தபோது "ஒன்னு" என்றுதான் கேட்டது. "எல்" என்று படித்தபோது "எல்" என்றுதான் கேட்டது. கேட்டுவிட்டு இரண்டுக்கும் ஒரே விசையை அடித்தாயிற்று. இருபது வருஷமாக அடித்ததுதான்; தேதியிலும் சர்வே நம்பரிலும் யாருக்கும் அது உறுத்தியதில்லை. அவருக்கு அழுகை வந்தது. நோன்பும் வறட்சியும் சேர்ந்து அதுவும் சரியாக வரவில்லை.

"காது சரியாத்தான் வாங்குச்சு கண்ணு. கைதான் ரெண்டையும் ஒன்னாக்கிடுச்சு. நாந்தான் உன்னக் கெடுத்துட்டேன்."

"இல்லக்கா. எனக்குத்தான் தெரியல. நான்தான் கேட்டிருக்கணும்."

பிறகு அசீசுன்னிசா எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆறாவது நகலை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கை சும்மா இருக்க மாட்டாமல் எடுத்தது. "அது இதவிட மங்கலா இருக்கும்க்கா" என்றாள் அவள். மங்கலாகத்தான் இருந்தது. தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலைப்பில் வருஷம் இருந்தது. அதைப் பார்த்தார். கீழே ஏதோ ஒரு வரியைப் பார்த்தார். மறுபடி வருஷத்தைப் பார்த்தார்.

"கண்ணு, இங்க வா. இந்த வருசத்துல இருக்கற ஒன்னப் பாரு. கறுப்பா இருக்குதா? இந்தச் சொல்லுல வர எல்லப் பாரு. புகையா இருக்குதா?"

இருந்தது. மேல் பிரதியில் ரிப்பன் மை எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கிவிட்டிருந்தது. அஞ்சு கார்பனைத் தாண்டி வருவதற்குள் விரலின் பலம் மட்டும்தான் மிச்சம். அசீசுன்னிசாவின் விரல் எண்களை எப்போதும் ஓங்கி அடிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பழகியபோது வந்த பழக்கம். "எழுத்து மங்கினா அர்த்தத்துல புடிச்சிக்கலாம். நம்பரு மங்கினா நெலமே போயிடும்" என்று அந்த எழுத்தர் சொல்லிச் சொல்லி விரலில் ஏறிவிட்டது. அடிப்பது எந்த விசையாக இருந்தாலும், காதில் "ஒன்னு" என்று விழுந்தால் கை ஓங்கும். அது அவருக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

நீலாஞ்சனா நம்பவில்லை. புள்ளியியல்காரி, சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். ஒரு வரியை எடுத்துக்கொண்டாள். அதில் சந்தேக இடம் இரண்டு. கறுப்பை ஒன்று என்றும் மங்கலை எல் என்றும் வைத்து, ஏட்டிலிருந்த செடி எண்ணிக்கைகளைப் போட்டு, ஒரு காகிதத்தின் பின்புறத்தில் பென்சிலால் வகுத்துக்கொண்டே போனாள். 11.38 வந்தது. ஏட்டைப் புரட்டி அட்டவணையைப் பார்த்தாள். 11.38. அசீசுன்னிசாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் கொஞ்சம் அழுதாள். அவருக்கும் இப்போது அழுகை ஒழுங்காக வந்தது.

அவள் ஏற்கெனவே திருத்தியிருந்த இடங்களையும் சேர்த்து, பத்தொன்பது பக்கத்தையும் அன்றைக்கே சரிபார்த்தாக வேண்டும். ஏழு மணிக்குச் சென்னை பஸ். கறுப்பையும் மங்கலையும் பிரித்துச் சொல்ல அந்த விரலுக்குச் சொந்தக்காரரின் கண்தான் வேண்டியிருந்தது. அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகச் சொல்ல, அவள் மேல் பிரதியில் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். மனு அடிக்க வந்தவர்களை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார். சில எழுத்துக்குத் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தரை மணிக்குப் பதினாலு பக்கம் முடிந்திருந்தது. அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அப்போதுதான் அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த டிபன் டப்பா அவர் கண்ணில் பட்டது. கை வைக்காத டப்பா.

"சாப்டலியா நீ?"

"காலையிலேர்ந்து தோணலக்கா. பரவால்ல, முடிச்சிடலாம்."

முடிப்பதற்குள் வெயில் போய்விட்டது. பதினெட்டாம் பக்கத்தில் இருந்தபோது ராஜகிரி மலையின் நிழல் தெருவைக் கடந்து கடை வாசலுக்கு வந்தது. அசீசுன்னிசா தாளை மடியில் வைத்துவிட்டு டப்பாவை எடுத்துத் திறந்து அவள் முன்னால் வைத்தார். தயிர்சாதம். அவள் மேற்கே பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். மேல்சித்தாமூர் சமண வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. சென்னை விடுதியிலும் அவள் அதை விட்டதில்லை.

"பொழுது போயிடுச்சுக்கா. இனிமே காலையிலதான்."

"எங்க போச்சு? மலைக்குப் பின்னாடி போயிருக்குது, அவ்ளோதான். நெசமா மறைஞ்சிருந்தா பாங்கு சொல்லி நான் இந்நேரம் தண்ணி குடிச்சிருப்பேன்." அவர் தன் உலர்ந்த உதட்டைத் தொட்டுக் காட்டினார். "எனக்குப் பகல்னா உனக்கும் பகல்தான். சாப்டு."

கை கழுவிக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டாள். சிவப்புப் பென்சிலை இப்போது அசீசுன்னிசாவே வாங்கிக்கொண்டார். ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாளில் குறித்துக்கொண்டே, அவள் தலையாட்டுவதற்காக வறண்ட தொண்டையால் ஒவ்வொன்றையும் உரக்கவும் சொன்னார். "கறுப்பு, ஒன்னு. கறுப்பு, ஒன்னு. இது மங்கல், எல்லு." சோறு பாதி போயிற்று. முக்கால் போயிற்று. கடைசிப் பக்கம், கடைசி நாலு வரி. டப்பாவின் அடி தெரிந்தபோது பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது.

அவள் டப்பாவை மூடினாள். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தம்ளரில் ஊற்றி நீட்டினாள். அசீசுன்னிசா பிஸ்மில்லா சொல்லி வலது கையால் வாங்கினார். இடது கையின் ஆள்காட்டி விரல், இடம் தவறிவிடாமல், கடைசி வரியில் நாற்பத்தொன்றாவது சந்தேக எழுத்தின் மேல் ஊன்றியிருந்தது. பகலெல்லாம் வறண்டிருந்த வாய்க்குப் பக்கத்தில் தம்ளரைக் கொண்டுபோனவர், அதை அப்படியே நிறுத்தி, விரலை லேசாக நகர்த்திப் பார்த்து, "கறுப்பு" என்றார். பிறகு குடித்தார்.